எல்லையில்லாத லீவு

சிறுத்தைக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று கஜேந்திரன் வந்து சொன்னபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரும் சம்பளத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. என்னென்ன சும்மா கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். அவனும் ஒன்று விடாமல் சொன்னான். மூன்று வேளைச் சாப்பாடு சும்மா. முடி வெட்டுவது சும்மா. அழுக்குத் துணியைக் கொடுத்தால் துவைத்து மடித்துத் தருவார்கள். உட்கார்ந்தால் தானாகவே உடம்பு பிடித்துவிடும் நாற்காலி ஒன்று இருக்கிறது. தூக்கம் வந்தால் தூங்குவதற்குத் தனித்தனிப் பெட்டி. ஐஸ்கிரீம் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே, லீவுக்கு எல்லையே கிடையாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வீரம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்டாள், அப்படியானால் வேலை எப்போது செய்வீர்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனியின் முழுப் பெயர் ஜொலி லெப்பட் கேம்ஸ். கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டுகளைச் செய்து உலகமெல்லாம் விற்கிற பெரிய கம்பெனி. அதன் தலைமை அலுவலகம் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்து, வெள்ளையடித்து, வாசலில் ஒரு சிறுத்தைச் சிலையை வைத்துக் கிளை திறந்திருந்தார்கள். சனங்கள் அதைச் சிறுத்தைக் கம்பெனி என்றார்கள். புலிக் கம்பெனி என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த நாட்டில் யாரும் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்லுவதில்லை. முன்பு கொழுந்தை வாடப்போட்ட மேல்மாடியில் இப்போது வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். தூள் சலித்த கீழ் அறையில் தூங்கும் பெட்டிகள் இருந்தன. கஜேந்திரனின் அப்பா சிவசாமி, தொழிற்சாலை மூடும்வரை அந்த அறையில்தான் தூள் சலித்தார். அதற்குச் சம்பளமாகக் கிடைத்தவற்றில் மிச்சம் இருப்பது நெஞ்சில் கட்டியிருக்கும் தூள் மட்டும்தான். இரவெல்லாம் இருமுவார்.

சேர்வதற்கு முன்னால் கஜேந்திரன் ஒரு நல்ல காரியம் செய்தான். அங்கே வேலை செய்துவிட்டு விலகிய திலக்ஷனை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, இடம் எப்படி என்று கேட்டான். திலக்ஷன் ஏதோ பெரிய கணக்கைப் போடுகிறவன் மாதிரி ரொம்ப நேரம் நின்றான்.

“சாப்பாடு நல்லா இருக்கும் தம்பி.”

“மத்ததெல்லாம் எப்பிடிண்ணே?”

“ஐஸ்கிரீமும் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திலக்ஷன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று கஜேந்திரன் மறுநாளே போய்ச் சேர்ந்தான். ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் வேலையும் அவனுக்கு வந்திருந்தது. அங்கே தருவது ஒரு பிளேன்டீ மட்டும். தராசில் வைத்துப் பார்க்கக்கூட அவசியப்படவில்லை.

கம்பெனி அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டின் பெயர் ‘டீ கிங்டம்’. விளையாடுகிறவர் ஒரு தொரையாகி, காட்டை வெட்டி, தோட்டம் போட்டு, ஆட்களைக் கொண்டுவந்து, கொழுந்து எடுப்பித்துப் பணக்காரராக வேண்டும். கஜேந்திரனுக்குப் பிழை பிடிக்கிற வேலை. கூடையைத் தலையில் மாட்டிய ஒரு கொழுந்துக்காரியின் உருவத்தை நாள் முழுக்க மலையேற்றி இறக்கி, எங்கே தடுக்குகிறாள், எந்தச் சுவருக்குள் புகுந்துவிடுகிறாள் என்று பார்த்து எழுதி அனுப்புவான். முதல் வாரத்திலேயே ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்டான். மாலையாகி இருட்டினாலும் கொழுந்துக்காரி வீட்டுக்குப் போகாமல் மலையிலேயே நிற்கிறாள் என்று எழுதினான். மேலிடத்திலிருந்து உடனே பதில் வந்தது. ‘இது பிழை அல்ல. இப்படித்தான் வேண்டும்.’

காலையில் பெரட்டு உண்டு, தோட்டத்தில் வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான். பழைய தோட்டத்தின் மரபை மதிக்கிறோம் என்று அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் எல்லோரும் முற்றத்தில் வட்டமாக நிற்க வேண்டும். அவரவர் இன்றைக்கு எதற்காகச் சந்தோஷப்படுகிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கஜேந்திரனின் அம்மா அழகம்மா கொழுந்து எடுக்கப் போன காலத்துப் பெரட்டில் பெயரைச் சொன்னால் போதும், சந்தோஷத்தை யாரும் கேட்டதில்லை. இங்கே அதை நடத்தியது பிரியந்தி. கொழும்பிலிருந்து வந்தவள், பதவியின் பெயர் பண்பாட்டுத் தலைவி. சந்தோஷம் குறைவாக இருக்கிறவர்களை அவள் தனியாக அழைத்துப் ‘பண்பாட்டு உரையாடல்’ நடத்துவாள். அங்கே போய் வந்தவர்கள் மறுநாள் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சந்தோஷப்பட்டார்கள்.

கிளையின் தலைவர் றோலண்ட். அவருடைய தாத்தா இதே மலையில் கண்டாக்காக இருந்தவர், அதாவது ஆட்களின் வேலையைக் கண்காணித்து வெருட்டுகிற உத்தியோகம். ‘என் தாத்தாவும் இந்தத் தோட்டத்தில் வேர்வை சிந்தியவர்தான்’ என்று றோலண்ட் கண் கலங்கச் சொல்லுவார். யாருடைய வேர்வை என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே தொரையும் இல்லை, கூலியும் இல்லை, எல்லோரும் ஒரே குடும்பம், என்னை றோலண்ட் என்றே கூப்பிடுங்கள் என்பது அவருடைய கட்டளை. கஜேந்திரனுக்கு எவ்வளவு முயன்றும் நாக்கு எழவில்லை. ‘சார்’ என்று இரண்டு தடவை வாய் தவறியதற்கு அவனுக்கும் ஒரு பண்பாட்டு உரையாடல் கிடைத்தது.

ஆனால் அவனுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. விளையாட்டில் தோட்டத்தின் உயிர் இல்லை, யாரிடமாவது யோசனை இருக்கிறதா என்று பெரட்டில் கேட்டார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு அடிப்பார்கள், அன்றைக்கு யாரும் மலைக்குப் போக மாட்டார்கள், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள் என்று கஜேந்திரன் சொன்னான். வடிவமைப்புப் பிரிவு துள்ளிக் குதித்தது. அசல், அசல் என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். வேலை நிற்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள், விளையாடுகிறவருக்கு நட்டம் வருமல்லவா. தப்பும் ஒப்பாரியும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அவனுக்குச் சிறுத்தைப் படம் போட்ட கம்பளிச் சட்டை ஒன்றைப் பரிசாகப் போர்த்தினார்கள். அவன் அதை அப்பாவுக்குக் கொடுத்தான்.

விளையாட்டு வெளிவரும் தேதி நெருங்க நெருங்க, இலவசங்களும் கூடிக்கொண்டே போயின. இராச்சாப்பாட்டுக்குக் கொத்து ரொட்டி வந்தது. பிறகு போர்வை வந்தது, பல் துலக்கும் பிரஷ் வந்தது. முடி வெட்டுகிறவர் வாரம் முழுக்க அங்கேயே இருந்தார். வீட்டுக்குப் போனால் கிடைக்கக்கூடிய ஒவ்வொன்றும் அங்கேயே கிடைத்தது. ஒரு பிள்ளையை வீட்டுக்கு விடாமல் வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்று யாரோ சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கஜேந்திரன் லயத்துக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகி, அதுவும் நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் சிவசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டொக்டர் தணிந்த குரலில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா உன்னையே கேட்கிறார் என்று அழகம்மா போனில் சொன்னாள். அவர் கண் மூடும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரே மகன், வாயில் பால் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்கு வழி இல்லாமலா போகும்? எல்லையில்லாத லீவு இருக்கிறது. நேராகப் பிரியந்தியிடம் போனான்.

“எல்லையில்லாத லீவுன்னா என்னான்னு நினைக்கிறீங்க, கஜேந்திரன்?” என்று பிரியந்தி கனிவாகக் கேட்டாள். “அது லீவு இல்ல. நம்பிக்கை. நாங்க உங்கள நம்புறோம். அந்த நம்பிக்கைய நீங்க எடுத்துச் செலவழிச்சிட்டா, எங்ககிட்ட அப்புறம் என்ன மிஞ்சும்?”

“ரெண்டு நாள் போதுங்க மேடம்.”

“பிரியந்தின்னு கூப்பிடுங்க. எல்லையே இல்லாத ஒண்ணுக்கு ரெண்டு நாள்னு நீங்களே ஒரு எல்லை போடுறீங்க, பாருங்க. எனக்கு அதுதான் கவலையா இருக்கு.”

இதுவரை யார் அந்த லீவை எடுத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்டான். ஒருவரும் எடுக்கவில்லை என்றும், அதனால்தான் அது இன்னும் எல்லையில்லாமல் இருக்கிறது என்றும் அவள் பெருமையோடு சொன்னாள். அவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, உடம்பு பிடித்துவிடும் நாற்காலியில் ஒரு முழு மணி நேரத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்தாள். கஜேந்திரன் அதில் போய்ச் சாய்ந்தான். நாற்காலி அவனைத் தோளில் அமுக்கி, இடுப்பில் குத்தி, கால்களை நெரித்தது. அவன் சத்தமில்லாமல் அழுதான். முடிந்ததும் நாற்காலியின் திரையில் சிரிக்கிற முகம் ஒன்று வந்து, இப்போது நீங்கள் புத்துணர்ச்சியோடு இருக்கிறீர்கள் என்றது.

இரண்டாவது தடவை கேட்டபோது, அப்பாவைப் பார்க்கத்தானே வேண்டும் என்று சாப்பாட்டு அறையின் பெரிய திரையில் வீடியோ போட்டுக் கொடுத்தார்கள். லயத்து அறையான காம்பராவில் பலகைக் கட்டிலில் படுத்திருந்த சிவசாமியின் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்த அந்த மனுஷன், யாரோ பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கும்பிடக் கையை எடுத்தார். கை பாதிக்கு வந்தபோது சிக்னல் அறுந்துவிட்டது. கும்பிட முடியாமல் நின்ற அந்தக் கை சாப்பாட்டு நேரம் முடியும்வரை சுவரில் இருந்தது.

மூன்றாவது தடவை அவன் றோலண்டிடமே போனான். அழுதும்விட்டான். றோலண்ட் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கம்பெனியில் அதுவும் இலவசம்.

“இதுக்கு ரெண்டு வழி இருக்கு கஜேந்திரன். மகன் அப்பாகிட்ட போகலாம். இல்லாட்டி அப்பா மகன்கிட்ட வரலாம். ரெண்டாவது வழியில வேலை நிக்காது. நான் உங்க அப்பாவ இங்க கொண்டு வர்றேன். எந்தக் கம்பெனி செய்யும் இத?”

எந்தக் கம்பெனியும் செய்யாது என்பதுதான் உண்மை. மறுநாள் காலையில் சிறுத்தைப் படம் போட்ட வேன் லயத்து வாசலில் வந்து நின்றது. சனங்கள் கூடிவிட்டார்கள். சாகக் கிடக்கிற கிழவருக்கு ஏசி வேன் வந்ததைப் பார்த்து, பிள்ளை பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அழகம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு புருஷனுக்குச் சிறுத்தைக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டுக் கூடவே ஏறினாள்.

சிவசாமியைக் கீழே தூங்கும் பெட்டி ஒன்றில் படுக்க வைத்தார்கள். வெள்ளைப் பெட்டி, உள்ளே மெத்தை, மேலே ஒரு சின்ன விளக்கு. ஆள் படுத்திருந்தால் விளக்கு பச்சையாக எரியும். அழகம்மாவின் கையில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமைக் கொடுத்தார்கள். அவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் உருகும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள். கஜேந்திரன் ஓடி வந்து பெட்டியின் விளிம்பில் குனிந்தான். சிவசாமி கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இங்கதான்டா சலிச்சோம். அந்த மூலையில மூஞ்சி தெரியாம தூள் பறக்கும்.”

“ஆமாப்பா.”

“வீட்டுக்கு எப்ப போவோம்?”

“சாயங்காலம் போயிருவோம்ப்பா.”

“நீயும் வருவீல்ல?”

வருவேன் என்று கஜேந்திரன் சொன்னான். சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது, மேலே ஓடிவிட்டான். இடைவேளையில் இறங்கி வரலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் இடைவேளைக்கு அன்றிலிருந்து ‘கூட்டு மகிழ்ச்சி நேரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் கட்டாயமாகக் கேரம் ஆட வேண்டும். அவன் ஆடினான். சிவப்புக் காயைக்கூடப் போட்டான்.

மேல்மாடிக்கு வெளியாட்கள் போகக் கூடாது. விளையாட்டின் இரகசியம் வெளியே போய்விடும் என்று படியின் உச்சியில் தடித்த கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். வெடி வைத்தாலும் உள்ளே சத்தம் கேட்காது. வந்திருக்கிற குடும்பத்தார் யாராவது கண்ணாடிப் பக்கம் தெரிந்தால், எல்லோரும் சிரித்துக் கையாட்டி வரவேற்க வேண்டும் என்று பிரியந்தி அன்று காலையில்தான் பெரட்டில் சொல்லியிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் அழகம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியைத் தட்டினாள். வாய் அசைந்தது. உள்ளே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, கஜேந்திரனின் அம்மா என்று அடையாளம் கண்டு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக் கையாட்டினார்கள். அவள் இன்னும் வேகமாகத் தட்டினாள். இவர்களும் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். பிரியந்தி அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்தாள். மேல்மாடியின் பெரிய திரைக்கு முன்னால் வேலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த கஜேந்திரன் அம்மாவைப் பார்த்தான். ஐஸ்கிரீம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைப்பதுதான் அந்த நேரத்தில் அவனுக்குச் சுலபமாக இருந்தது. றோலண்ட் பக்கத்தில் நின்றதால் அவனும் சிரித்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அழகம்மா தட்டுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவன் கீழே வந்தபோது மாலையாகிவிட்டது. பெட்டியின் விளக்கு அப்போதும் பச்சையாகவே எரிந்தது. சுவரில், இன்று அதிக நேரம் நிம்மதியாக ஓய்வெடுத்தவர் என்ற அறிவிப்பில் சிவசாமியின் பெயர் முதலாவதாக இருந்தது. பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து அழகம்மா சிவசாமியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

றோலண்ட் கீழே வந்து ஒலிபெருக்கியில் பேசினார். இன்று நம் குடும்பத்தின் தந்தை ஒருவரை இழந்துவிட்டோம், இந்தக் குடும்பத்தில் ஒருவரின் துக்கம் எல்லோருடைய துக்கம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மேலே கீழே எல்லோரும் எழுந்து நின்றார்கள். அழகம்மாவும் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

“தொரை, குடும்பம்னு நீங்க சொன்னத நான் கேட்டேன். அப்பிடின்னா நீங்களும் பங்காளிதான். எழவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. கருமாதி முடியிற மட்டும் பங்காளிகளுக்குத் தீட்டு இருக்கு, நல்ல காரியம் ஒண்ணும் செய்யக் கூடாது. ஒங்க வெளையாட்ட அதுக்கப்பறம் வெளியிடுங்க. மொதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லுங்க.”

அவள் கிண்டல் செய்யவில்லை. குடும்பம் என்று வாயால் சொன்னவன் அதைச் செய்வான் என்றுதான் அவளுக்குத் தெரியும். தொரைமார்கள் பலவிதமாகத் திட்டி அவள் கேட்டிருக்கிறாள், ஆனால் எந்தத் தொரையும் நான் உன் குடும்பம் என்று சொன்னதில்லை. அதனால் இதற்கு என்ன பொருள் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது.

றோலண்ட் வேர்த்துப்போனார். “அம்மா, குடும்பம்னா அது எங்க கொள்கை. உறவு இல்ல. உறவுன்னா பொறுப்பு வந்திரும், பொறுப்ப நாங்க யாருக்கும் குடுக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. எங்க ஆட்கள் சுதந்திரமா இருக்கணும்.”

“அப்ப அடுப்ப அணைக்க மாட்டீங்க?”

அடுப்பு அணையப் போகிறது என்ற செய்தி அதற்குள் மேல்மாடிக்குப் போய்விட்டது. கம்பெனியில் முதல் தடவையாக எல்லோரும் ஒற்றுமையாகக் கொதித்தெழுந்தார்கள். வீட்டுக்கு விடாமல் வைத்திருந்தபோது வாய் திறக்காதவர்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பறித்தபோது கை தட்டியவர்கள், கொத்து இல்லை என்றதும் உரிமையைப் பற்றிப் பேசினார்கள். ஜெரோஷன் என்று கஜேந்திரனுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். நல்ல பையன். அவன் இறங்கி வந்து, ஆழ்ந்த அனுதாபம் மச்சான், அம்மாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லு, இன்னைக்கு கோழிக் கொத்து என்று காதில் சொன்னான்.

கடைசியில் பிரியந்திதான் வழி கண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு ஹட்டனிலிருந்து எல்லோருக்கும் ஃப்ரைட் ரைஸ் பார்சல் எடுத்தார்கள். சாவு வீட்டுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வருவதுதான் முறை என்பதால் அழகம்மாவுக்கும் மனம் ஆறியது. பார்சலில் கோழித் துண்டு பெரிதாக இருந்ததால் மேல்மாடியும் ஆறியது. விளையாட்டை வெளியிடும் தேதியை மட்டும் யாரும் தொடவில்லை.

மறுநாள் அடக்கம். மத்தியான மணி அடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டில் கஜேந்திரனை விட்டார்கள். கம்பெனியும் வந்தது. எல்லோரும் சிறுத்தைச் சட்டை போட்டிருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் நீண்ட கம்புகளில் மைக்கைக் கட்டிக்கொண்டு வந்து, தப்பு அடிக்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்று அடிக்கச் சொன்னார்கள். ஒப்பாரியோடு கலந்துவிடக் கூடாதாம். பாடைத் தேர் கிளம்பி ஆண்கள் எல்லோரும் பிணத்தோடு மயானத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அழகம்மாவிடம் ஒலிப்பதிவுக்காரர் பணிவாகக் குனிந்தார்.

“அம்மா, இன்னொரு தடவ வைக்கிறீங்களா? பாதியில ஒரு நாய் கொரைச்சிருச்சு.”

வேன் அனுப்பினவர்கள், சாப்பாடு போட்டவர்கள், கேட்டால் மறுக்க முடியுமா? இவர்கள் துக்கம் காக்கிற முறை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து அவள் இன்னொரு தடவை வைத்தாள். தெரிந்த வரிகள் எல்லாம் முதல் தடவையிலேயே தீர்ந்துபோயிருந்தன. இரண்டாவது தடவை மனதில் இருந்தவற்றைப் பாடினாள். அந்த நேரத்தில் கஜேந்திரன் மயானத்தில் ஒரு கையால் மண் போட்டுக்கொண்டிருந்தான். மறு கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

இப்படி ஒரு சாவு இந்தத் தோட்டத்தில் நடந்ததில்லை என்று லயம் முழுக்கப் பேசியது. வீரம்மா அன்றைக்கே தன் மகள் சுதர்ஷினிக்கு அந்தக் கம்பெனியில் ஒரு வேலை பார்த்துத் தரும்படி கேட்டாள். கஜேந்திரன் சரி என்றான். பதினாறாம் நாள் கருமாதிக்கு அவனால் போக முடியவில்லை. அவன் சார்பில் கம்பெனி ஒரு கூடை ஆப்பிள் அனுப்பியது. அன்றைக்கு அவன் முதல் தடவையாக வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தான். ஒரு பக்கம் மூன்று வேளைச் சாப்பாடு, துவைத்த துணி, நாற்காலி. மறு பக்கத்தில் என்ன வைப்பது என்று யோசித்தபோது, வைக்கக்கூடிய ஒன்றை ஏற்கனவே மண் போட்டு மூடியாகிவிட்டது. கொழுக்கட்டை மாதிரி ஏதோ புதுப் பலகாரம் வந்திருக்கிறது என்று ஜெரோஷன் கூப்பிட்டான். அவனும் எழுந்து போனான்.

விளையாட்டு வெளிவந்தது. உலகமெல்லாம் நன்றாக ஓடியது. சாவுக் காட்சி பலரை உருக்கிவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் கொஞ்சம் நீளம், அது முடியும்வரை கொழுந்து எடுக்க முடிவதில்லை என்று ஒரு குறையும் வந்தது. அதனால் ஒப்பாரியின்மேல் ‘தாண்டிச் செல்’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அந்தப் பொத்தான் எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு கஜேந்திரனுக்கு வந்தது. விலை உயர்ந்த ஒரு ஹெட்ஃபோனும் கொடுத்தார்கள். அதில் மூச்சு விடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும்.

அவன் அதை மாட்டினான். திரையில் கூடையோடு கொழுந்துக்காரிகள் மலையில் நிற்க, காதுக்குள் அவன் அம்மா பாடினாள்.

தூளு பறந்த எடத்துல தொணையில்லாமப் போனீங்களே
கதவத் தட்டி நின்னேனே கண்ணாடிக்கு இந்தாண்ட
பெத்த மகன் பாத்தானே பெருவெரலக் காட்டுனானே
சிரிச்சு வழியனுப்பச் சீமைக்கா போனீங்க

அவன் பொத்தானை அழுத்தினான். பாட்டு நின்றது. பொத்தான் சரியாகத்தான் வேலை செய்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு பிழை எழுதி அனுப்பினான். தேயிலைத் தோட்டத்தில் கண்ணாடிக் கதவு எதுவும் இல்லை, ஆகவே இந்த வரிகள் விளையாட்டுக்குப் பொருந்தவில்லை, தயவுசெய்து எடுத்துவிடவும் என்று எழுதினான். பதில் உடனே வந்தது. ‘இது பிழை அல்ல. இப்படித்தான் வேண்டும்.’ கீழே பிரியந்தி தன் கையால் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தாள்.

பொத்தானை ஒப்பாரியின் ஒவ்வொரு வரியிலும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவன் முதலிலிருந்து போட்டான். கதவைத் தட்டுகிற வரியில் நிறுத்தினான். திரும்பப் போட்டான். பெருவிரல் வரியில் நிறுத்தினான். திரும்பப் போட்டான்.

பக்கத்து இருக்கையில் அன்று காலையில்தான் சேர்ந்த சுதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். புதுச் சிறுத்தைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் அவன் தோளை மெல்லத் தொட்டாள். அவன் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினான்.

“அண்ணே, எடம் எப்பிடிண்ணே?”

கஜேந்திரன் ரொம்ப நேரம் யோசித்தான். மறு காதில் அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள்.

“சாப்பாடு நல்லா இருக்கும்” என்றான்.